ரொட்டியின் அடிப்பக்கம்

அன்செல்ம் பெராஷோன் காலையிலேயே கழுத்துப்பட்டை கட்டிவிட்டார். யார் கதவைத் தட்டினாலும் பெராஷோன் வீட்டு ஆண்கள் கழுத்துப்பட்டையோடுதான் திறப்பார்கள். ஷரோல் ஊருக்கு அவர் கால்நடை மருத்துவராக இருந்த காலத்தில், மாடு கன்று போட முடியாமல் தவிக்கிறது என்று ஓடி வந்தவனுக்கும் அப்படித்தான் திறந்தார். தொழுவத்துக்குப் போன பிறகு பட்டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மாட்டின் வயிற்றுக்குள் தோள்வரை கையை விடுவார்.

"இன்னைக்குக் கட்டினது பொண்ணுக்காகவா, கேமராவுக்காகவா?" என்று மனைவி ஓதில் கேட்டாள்.

அவருக்கே தெரியவில்லை.

மகள் சபீன் ஜனாதிபதித் தேர்தலில் நிற்கிறாள். வலதுசாரியும் இல்லை, இடதுசாரியும் இல்லை, நடுவில் நிற்பவள். சென்ற வசந்தத்தில் அவளை யாருக்கும் தெரியாது. இப்போது கருத்துக் கணிப்புகளில் இரண்டாம் இடம் வரை ஏறிவிட்டாள். தொலைக்காட்சிக்காக அவளைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்கிறார்கள். அதில் பிறந்த வீட்டில் மதியச் சாப்பாடு ஒரு காட்சி.

படம் எப்படி வரும் என்பது அன்செல்முக்குப் பெரிதாகப் படவில்லை. அவரைக் குடைந்தது வேறு. இலையுதிர் காலத்தில் ஒரு பத்திரிகைப் பேட்டியில் மகள், "நான் எங்கிருந்தும் வரவில்லை, அதனால்தான் எல்லோரிடமும் போக முடிகிறது" என்று சொல்லியிருந்தாள். எங்கிருந்தும் வரவில்லையாம். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் படித்தார். எழுத்து மாறவில்லை. கல்லறைத் திருநாளுக்கும் அவள் வரவில்லை. பெராஷோன் கல்லறையில் சாமந்தித் தொட்டிகளைக் கிழவனும் கிழவியுமாக வைத்துவிட்டுத் திரும்பினார்கள். மகளுக்கு இந்த வீடு வெட்கமாகிவிட்டதா? இந்த ஒன்று தெரிந்தால் போதும். ஆனால் வாய்விட்டுக் கேட்கமாட்டார். கேட்டு வாங்கும் மரியாதை மரியாதையில் சேராது.

கார் வந்து நின்றது. சபீன் இறங்கி வந்து அப்பாவின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். மெலிந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் படத்தின் இயக்குநர் நாதேஜ் முன்னால் வந்தாள். காலணியெல்லாம் சேறு, முகமெல்லாம் சிரிப்பு.

"மன்னிச்சுக்குங்க ஐயா. உள்ளேருந்து எடுக்கணும். அவங்க இன்னொரு தடவை வரட்டுமா?"

"அதான் வந்துட்டாளே."

"வந்தாங்க. நான் வெளியில நின்னுட்டேன்."

சபீன் சிரித்துக்கொண்டே காருக்குப் போய்த் திரும்பி வந்தாள். இரண்டாவது முத்தமும் முதல் முத்தம் போலவே இருந்தது. அதே சூடு, அதே கன்னம். இரண்டில் எது தனக்கு, எது படத்துக்கு என்று அன்செல்முக்குப் பிடிபடவில்லை.

சாப்பாட்டு அறையில் மாமனார் காலத்து வெள்ளிக் கரண்டிகளோடு மேசை தயாராக இருந்தது. மகளோடு வந்த பிரசார ஆலோசகன் கோரன்தன் அதை எட்டிப் பார்த்தான். நல்ல உயரம், மெல்லிய குரல். செத்த வீட்டில் பேசுவதுபோல் எதையும் தணித்தே பேசுவான்.

"ரொம்ப அழகா இருக்குங்க ஐயா. ஆனா சமையலறையில வச்சுக்கிட்டா இன்னும் நல்லாயிருக்கும். பார்க்கிற சனங்க அவங்க வீட்லயும் சமையலறையிலதான சாப்பிடுறாங்க."

"விருந்தாளிய நாங்க சமையலறையில உட்கார வைக்கிறதில்ல."

"நான் விருந்தாளியாப்பா?" என்றாள் சபீன்.

அது பாசமா, வாதமா? தேர்தல் மேடைகளிலும் அவள் இப்படித்தான் பேசுகிறாள் என்று கேள்விப்பட்டிருக்கிறார். மறுத்தால் மகளை விருந்தாளி என்று சொன்னதாகிவிடும். மேசை சமையலறைக்குப் போனது.

அங்கே ஒலிப்பதிவாளர் பஸ்தியான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாய் மோப்பம் பிடிப்பதுபோல் சுற்றினார். உறுமிக்கொண்டிருந்த குளிர்பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கினார். கார்ச் சாவியை எடுத்துக் குளிர்பெட்டிக்குள்ளேயே வைத்தார்.

"சாவிக்கு என்ன வியர்க்குதா?" என்றாள் ஓதில்.

"மறுபடி கம்பியைச் சொருக மறந்துடுவேன்மா. சாவி உள்ள இருந்தா மறக்காம வந்துதான ஆகணும்."

அடுத்து சுவர்க் கடிகாரத்தின் ஊசலைக் கையால் பிடித்து நிறுத்தினார். அன்செல்ம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"அதத் தொடாதீங்க! வீட்ல சாவு விழுந்தாத்தான் அத நிறுத்துவோம்."

பஸ்தியான் பயந்துபோய்க் கையை எடுத்தார். ஊசல் ஆடவில்லை, நின்றது நின்றதுதான். எல்லோரும் சபீனைப் பார்த்தார்கள்.

"டிக் டிக்னு கேட்டா வெட்டி ஒட்ட முடியாதாம்பா. முடிஞ்சதும் ஓட விட்டுடலாம்," என்றாள்.

யாரும் சாகாத வீட்டில் நின்றுபோன கடிகாரத்துக்குக் கீழே அன்செல்ம் உட்கார்ந்தார். எதிலோ இருந்து ஏதோ நழுவுகிறது என்று தோன்றியது. எது என்று சொல்லத் தெரியவில்லை.

ஓதில் அடுப்பிலிருந்து மாட்டிறைச்சிப் பானையை இறக்கினாள். கேரட்டும் முட்டைக்கோசும் எலும்புமாய் அதிகாலையிலிருந்து கொதித்த பானை. மேசை நடுவில் பெரிய உருண்டை ரொட்டி, பக்கத்தில் கத்தி. அன்செல்ம் வழக்கம்போல் ரொட்டியை எடுத்துக் கவிழ்த்தார். கத்தி முனையை அடிப்பக்கத்துக்குக் கொண்டுபோனார்.

"ஐயா, ஒரு நிமிஷம்," என்றான் கோரன்தன்.

கத்தி நின்றது.

"அம்மா முன்னாடியே சொன்னாங்க, நீங்க ரொட்டி அடியில சிலுவை போட்டுட்டுத்தான் வெட்டுவீங்கன்னு. அருமையான பழக்கம். எங்க தாத்தாவும் போடுவாரு. ஆனா இது படத்துல வந்தா நாட்ல பாதிப் பேரு, வேட்பாளர் வீட்ல மதம்னு ஆரம்பிப்பாங்க. அத மட்டும் விட்டுட்டு வெட்டிட்டீங்கன்னா..."

"விட்டுட்டா?"

"நீங்க பூசைக்குப் போறவரா ஐயா?"

"இல்ல."

"சாவுப் பூசைக்கு மட்டும் போவாரு. அதுலயும் பாதியில வெளிய வந்து நின்னுக்குவாரு," என்றாள் ஓதில்.

கோரன்தன் முகம் தெளிந்தது. "அப்ப விடுறதுல கஷ்டம் ஒண்ணும் இல்லையே?"

அன்செல்ம் திகைத்தார். கஷ்டம் இருந்தது. அது என்ன கஷ்டம் என்று அவரும் இதுவரை தன்னையே கேட்டுக்கொண்டதில்லை. அப்பா போட்டார், அவர் போடுகிறார். குறுக்குக் கோடு முதலில், நெட்டுக் கோடு பிறகு. ஊரில் மற்றவர்கள் நெட்டுக் கோட்டை முதலில் போடுவார்கள். பெராஷோன்கள் மட்டும் இப்படி. ஏனென்று யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெர்னானை ஒருமுறை சாப்பிடக் கூப்பிட்டபோதும் போட்டார். பெர்னான் அரசுப் பள்ளி ஆசிரியர், கடவுளும் இல்லை சாமியாரும் இல்லை என்கிற ஆள். கொடுத்த துண்டைத் தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் நடுவில் ரொட்டியும் இல்லை, உப்பும் இல்லை. ஒரு சிநேகிதத்தையே கொடுத்துக் காப்பாற்றியதை ஒரு மெல்லிய குரலுக்காக விடுவதா?

"என் பொண்ணு சொல்லட்டும்," என்று ரொட்டியை நிமிர்த்தி மேசையில் வைத்தார்.

சபீன் நடையில் நின்று தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டதும் வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். அப்பாவையும் கோரன்தனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டு விதமாவும் எடுத்துடலாமே. சிலுவையோட ஒண்ணு, சிலுவை இல்லாம ஒண்ணு. எது வேணுமோ அப்புறம் பார்த்துக்கலாம்."

கோரன்தன் தலையசைத்தான். இந்தப் பதிலுக்காகத்தான் நாடு அவளை விரும்புகிறது என்பதுபோல் ஒரு புன்னகை.

"ரொட்டி ஒண்ணுதான் இருக்கு," என்றாள் ஓதில்.

"இன்னொண்ணு வாங்கிட்டு வரச் சொல்றேன்."

"இன்னைக்குத் திங்கக்கிழமை. ரொட்டிக் கடை லீவு. பாரிசுக்குப் போனதுல கிழமைகூட மறந்துடுச்சா உனக்கு?"

சபீன் உதட்டைக் கடித்தாள்.

"பெர்னான் வீட்ல இருக்கும். நான் வேணா போய்..." என்று ஓதில் எழுந்தாள்.

"உட்காரு!" என்றார் அன்செல்ம்.

ஓதில் உட்கார்ந்தாள். சிரிப்பை அடக்க இடுப்பில் கட்டிய சமையல் துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

வெட்டிய ரொட்டியை ஒட்டவைக்க முடியாது. வெட்டுவது ஒருமுறைதான்.

"ஒண்ணு சொல்லு," என்றார் அன்செல்ம். "போடணுமா, வேண்டாமா? நீ வேண்டாம்னா போடல. உன் வாயால சொல்லு, போதும்."

மகளின் வாய் திறந்தது, மூடியது. மேடையில் ஆயிரம் பேருக்கு நடுவில் தடுமாறாத வாய். அப்போதுதான் அன்செல்ம் கவனித்தார், நாதேஜின் தோளில் இருந்த படக்கருவியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கோரன்தனும் கவனித்துவிட்டான். "நாதேஜ், இத எடுக்காதீங்க."

"நான் அவங்களப் பத்திப் படம் எடுக்கிறேன். இது அவங்கதான?"

"இது வேட்பாளர் இல்ல. குடும்பம்."

"எங்க முடியுது வேட்பாளர், எங்க ஆரம்பிக்குது குடும்பம்? கோடு போட்டுக் காட்டுங்க, நிறுத்திடுறேன்."

அன்செல்மும் அந்தக் கோட்டைத்தான் காலையிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறார்.

நாதேஜுக்கு எப்படியோ இரக்கம் வந்தது. கருவியைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் வைத்தாள். விளக்கு அணைந்தது. "சரி. எல்லாரும் கொஞ்சம் மூச்சு விடுங்க. அதுக்குள்ள பஸ்தியான் அறையோட சத்தத்தப் பதிவு பண்ணிக்கட்டும்."

"அறைக்கு ஏது சத்தம்?" என்றார் அன்செல்ம்.

"யாரும் பேசாதப்பவும் ஒவ்வொரு அறைக்கும் ஒரு சத்தம் உண்டுங்க ஐயா," என்றார் பஸ்தியான். "வெட்டி ஒட்டுறப்ப நடுவுல போட்டு நிரப்புவோம். ஒரு நிமிஷம் யாரும் அசையாதீங்க. பேசாதீங்க. படம் எடுக்கல, சத்தம் மட்டும்தான்."

கையை உயர்த்தினார். சமையலறை அடங்கியது.

கடிகாரம் இல்லை, குளிர்பெட்டி இல்லை. பானையிலிருந்து ஆவி மட்டும் போய்க்கொண்டிருந்தது. அன்செல்ம் கத்தியை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். போர் வீரர் நினைவுச் சின்னத்தின் முன் நிற்பதுபோல் இருந்தது. யாருக்காக இந்த மௌனம்?

அப்போது சபீன் கையை நீட்டினாள்.

ரொட்டியை மெல்லத் தன் பக்கம் இழுத்தாள். கவிழ்த்தாள். அப்பாவின் கத்தியை எடுத்தாள். கோரன்தனின் கண்கள் அகன்றன, வாயைத் திறந்தான், பஸ்தியானின் உயர்த்திய கையைப் பார்த்து மூடிக்கொண்டான். சபீன் யாரையும் பார்க்கவில்லை. கருகிய அடிப்பக்கத்தில் கத்தி முனையைக் கரக்கென்று இழுத்தாள். குறுக்குக் கோடு முதலில். நெட்டுக் கோடு பிறகு.

இவளுக்கு அதை யாரும் சொல்லித் தந்ததில்லை. பார்த்திருக்கிறாள்.

உடனே ரொட்டியை நிமிர்த்தி வைத்தாள்; கவிழ்ந்த ரொட்டி கெட்ட சகுனம் என்று அந்த வீட்டில் அதை மேசையில் விடமாட்டார்கள். கத்தியில் ஒட்டிய கரித்தூளை விரலால் துடைத்தாள். கத்தியை அப்பாவின் பக்கம் வைத்தாள், கைப்பிடி அவரைப் பார்க்க. பிறகு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, சுவரொட்டியில் இருக்கும் முகத்தோடு உட்கார்ந்தாள்.

பஸ்தியான் கையை இறக்கினார். புருவம் சுருங்கியிருந்தது. "நடுவுல ஏதோ உரசின சத்தம் ரெண்டு தடவை விழுந்துச்சு. இன்னொரு தடவை எடுத்துடலாமா?"

"வேண்டாம்," என்றாள் சபீன். "அது இந்த அறையோட சத்தம்தான்."

நாதேஜ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கருவியைத் தோளில் ஏற்றினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. "ஐயா, வெட்டுங்க."

அன்செல்ம் ரொட்டியை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அப்பா அப்படித்தான் வெட்டுவார், கத்தியைத் தன் பக்கமாக இழுத்து. சிலுவை அவர் சட்டைப் பக்கம் இருந்தது. கருவிக்கு ரொட்டியின் முதுகுதான் தெரிந்தது. முதல் முனைத் துண்டை மகளுக்குக் கொடுத்தார். சின்ன வயதில் அதற்காக அழுவாள். இப்போது பேசாமல் வாங்கிக் கடித்தாள்.

"அற்புதம்," என்றான் கோரன்தன்.

எது அற்புதம்? அவனுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அன்செல்முக்கும் வேண்டியது கிடைத்துவிட்டது. அதனால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மகள் வீட்டை மதித்தாளா, அல்லது சிலுவையோடு ஒன்று, சிலுவை இல்லாமல் ஒன்று என்று தான் சொன்னபடியே ஒரே ரொட்டியில் நடத்திக்காட்டினாளா? மறைத்துச் செய்த மரியாதை மரியாதையா? வெட்கப்படுகிறவள்தானே மறைப்பாள்? வெட்கப்படுகிறவள் குறுக்குக் கோட்டை முதலில் போட நினைவு வைத்திருப்பாளா?

புறப்படும்போது மூன்றாவது முத்தம். அதை யாரும் படம் எடுக்கவில்லை. அப்போதும் அவர் கேட்கவில்லை. கார் கிளம்பாமல் நின்றது. பஸ்தியான் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்து குளிர்பெட்டியிலிருந்து ஜில்லென்ற சாவியை எடுத்துக்கொண்டு கம்பியைச் சொருகிவிட்டுப் போனார். கடிகாரத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள். தேவாலய மணி அடித்தபோது அன்செல்ம்தான் முள்ளைத் திருப்பி ஊசலை ஆட்டிவிட்டார்.

"ரெண்டும் நடந்துடுச்சு," என்றாள் ஓதில், தட்டுகளைக் கழுவிக்கொண்டே. "உங்க பொண்ணு பலே ஆளு."

"அத செஞ்சது என் பொண்ணா, வேட்பாளரா?"

"ரெண்டு பேருக்கும் கை ஒண்ணுதான?"

படம் குளிர்காலத்தின் கடைசியில் ஒளிபரப்பானது. அன்செல்ம் கழுத்துப்பட்டையோடு உட்கார்ந்து பார்த்தார். மகள் ரயிலில் ஓடினாள், தொழிற்சாலையில் கைகொடுத்தாள், கண்ணாடி முன்னால் உரையை முணுமுணுத்தாள். தொழிலாளியிடமும் சரி என்றாள், முதலாளியிடமும் சரி என்றாள். சமையலறைக் காட்சி கண்சிமிட்டும் நேரம் வந்தது. ஒரு கிழவர் ரொட்டியை நெஞ்சில் சாய்த்து வெட்டுகிறார். சிலுவை கிலுவை ஒன்றும் இல்லை. ஊரே பார்த்துக்கொண்டிருக்கும். அவருக்குக் காது சுட்டது.

படம் முடியும் தறுவாயில் லியோன் நகரப் பெருங்கூட்டம். மேடைக்குப் பின்னால் சபீன் ஒரு மடக்கு நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். வெளியே கூட்டம் அவள் பெயரைக் கத்திக்கொண்டிருந்தது. அவள் கண்ணை மூடினாள். கூட்டத்தின் சத்தம் மெல்ல வடிந்து முழு மௌனமானது. அந்த மௌனத்துக்குள்ளிருந்து, கரக்... கரக்.

அன்செல்ம் எழுந்துவிட்டார்.

"என்னாச்சு?" என்றாள் ஓதில்.

"கேட்டியா?"

"எத?"

"ரெண்டு தடவை..."

"உங்களுக்குக் காதும் போச்சு, உட்காருங்க. மறைக்குது."

அவர் உட்கார்ந்தார். ஷரோலின் சத்தம் லியோனுக்கு எப்படிப் போனது? நாதேஜ் வேண்டுமென்றே வைத்தாளா, கைதவறி விழுந்ததா? சபீன் வைக்கச் சொன்னாளா? அல்லது இல்லாத சத்தத்தைத்தான் காது கேட்கிறதா?

மறுநாள் சந்தை நாள். தேவாலயத்தில் பூ அலங்கரிக்கும் பெண்மணி அவரைப் பார்த்தும் பார்க்காததுபோல் பாலாடைக்கட்டிக் கடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கத்திலிருந்து பெர்னான் கைத்தடியைத் தட்டிக்கொண்டு நேராக வந்தார். இத்தனை வருடத்தில் முதல்முறையாகப் பேசினார்.

"ஏன்யா மாட்டு டாக்டரே! சிலுவையப் போடாம வெட்டினியே, நீயெல்லாம் ஒரு மனுசனா?"

"உனக்கென்ன அதுல? நீதான் சாமி இல்லங்கிற ஆளாச்சே."

"சாமி இல்லதான். ஆனா நீ இருக்கேன்னு நெனச்சேன். அந்தச் சிலுவைக்காக உன் வீட்டுச் சாப்பாட்ட விட்டேன்யா நான்! எலும்பு போட்ட அந்தப் பானை இன்னும் மூக்குலயே நிக்குது. பொண்ணு ஓட்டுக்காக நீ விட்டுடுவேன்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே அந்தத் துண்டத் தின்னுத் தொலைச்சிருப்பேனே!"

ஆடுகளுக்கு விலை பேசுவதை விட்டுவிட்டு நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

சொல்லிவிடலாம். சிலுவை இருந்தது, என் பக்கம் இருந்தது, போட்டது என் மகள். ஒரே வாக்கியம். பெராஷோன் வீட்டு மானம் சந்தை நடுவில் திரும்பி வந்துவிடும். சாயங்காலத்துக்குள் பத்திரிகைக்காரன் காதுக்கும் போய்விடும். வேட்பாளர் ஒளித்துப் போட்ட சிலுவை என்று நாடு முழுக்கப் பேசும். வலது பக்கம் ஏன் ஒளித்தாய் என்று கேட்கும். இடது பக்கம் ஏன் போட்டாய் என்று கேட்கும்.

வாழ்நாளில் இந்த ஊரில் யாரிடமும் அவர் தலை குனிந்ததில்லை.

"மறந்துட்டேன்," என்றார்.

"மறந்துட்டியா? நீயா?"

"வயசாச்சு. மறந்துட்டேன்."

பெர்னான் அவரை மேலும் கீழும் பார்த்தார். கோபம் வடிந்து முகத்தில் ஏதோ சஞ்சலம் வந்தது. நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். போகத் திரும்பியவர் நின்றார்.

"அது சரி. கடைசியில உன் பொண்ணு தனியா உட்கார்ந்திருந்தா பாரு, அப்ப கரக் கரக்னு ரெண்டு தடவை கேட்டுச்சு. போன வாரம்தான் காதுக்குப் புது மெஷின் வாங்கினேன். அதுக்குள்ள கெட்டுப்போச்சா என்ன?"

அன்செல்ம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஏன் பிடித்தோம் என்று தெரியாமலே பிடித்தார்.

"உனக்குக் கேட்டுச்சா?"

"நல்லாக் கேட்டுச்சு."

"மெஷின் நல்லாத்தான்யா இருக்கு."

"அப்ப என்ன சத்தம் அது?"

"அறையோட சத்தம்."

"அறைக்கு ஏதுய்யா சத்தம்?"

அன்செல்ம் கையை விட்டார். கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டார். மகளைப் பற்றி அவருக்கு இன்னும் ஒன்றும் விளங்கவில்லை. சதுக்கத்தின் எதிர்ப்புறம் ரொட்டிக் கடை திறந்திருந்தது. அதை நோக்கி நடந்தார்.

"சாப்பாட்டு நேரத்துக்கு வா," என்றார், திரும்பிப் பார்க்காமல். "வந்து காதால கேளு."